அத்தை சொன்ன பெயர்

மாமாவுக்கு மாமா என்பதைத் தவிர வேறொரு பெயரும் உண்டு என்பது, பொன்முடியில் அந்தப் புயல் அடித்து ஓய்ந்த மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அந்தப் பெயருக்கு ஒரு வேலையும் வரவில்லை. அம்மா அவரை அண்ணன் என்பாள். அப்பா மச்சான் என்பார். மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் டிரைவரண்ணன், ஏனென்றால் எஸ்டேட் லாரியை ஓட்டியது அவர்தான். அவர் மனைவியான என் அத்தையோ அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை. பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகக் கீழே வைப்பாள். அவர் "என்னட்டி" என்று திரும்பிப் பார்ப்பார். குடும்பம் அப்படியே நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் இருந்தது திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால். அப்பாவுக்கு அங்கே அரிசி மண்டியில் வேலை. பள்ளிக்கு லீவு விட்டால் மாமா லாரியோடு வந்து என்னை முன் சீட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் நான் பாதி அவர்களுக்கு என்று பெரியவர்களாகப் பேசி வைத்திருந்தார்கள். எந்தப் பாதி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த முறை நான் போயிருந்தபோது கடலில் புயல் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். லயத்தில் ஒருவரும் அசையவில்லை. எஸ்டேட் தொழிலாளர்களுக்காக ஒரே வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளை லயம் என்பார்கள். "கடல்ல புயலுன்னா கடப்பொறத்துக்காரங்க பயப்படட்டும், நமக்கென்ன" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. புருஷனை இழந்தவள். கொழுந்து பறிப்பதிலும் சரி, வாயடிப்பதிலும் சரி, அவளை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது. அவள் சொன்னால் லயத்துக்கே தைரியம் வந்துவிடும். மாமாவும் அந்த தைரியத்தில்தான் விடிந்ததும் லாரியை எடுத்தார். தேயிலையைப் பட்டணத்தில் இறக்கிவிட்டு, எஸ்டேட் கடைக்கு அரிசி ஏற்றிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனார்.

மூடுபனி பொன்முடிக்குப் புதிதல்ல. வந்தால் வந்த இடத்தில் நிற்கும். அன்று அது நிற்கவில்லை, ஓடியது. ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக எதிர்ச்சரிவை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு மழை வந்தது, மழைக்குப் பின்னால் காற்று வந்தது. லயத்தின் கூரை தகரம். பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு தகரத்தின் மேலும் பெரிய பெரிய கல்லாகத் தூக்கி வைத்திருப்பார்கள். அந்தக் கல் ஒன்று தலைக்கு மேலே உருண்டது. கொஞ்சம் நின்று, மறுபடியும் உருண்டது.

"அத்தை, கூரை மேல யாரோ நடக்காங்க" என்றேன்.

"ஆளு இல்லட்டி. கல்லு" என்றாள் அத்தை.

கல் என்று கேட்டபிறகுதான் எனக்குப் பயமே வந்தது. அவள் அதைச் சொன்ன குரல் அப்படி. ஆளாக இருந்தால் தேவலை என்று அவளும் நினைத்திருக்க வேண்டும்.

ஒரு மூலையில் தகரம் எழுந்து எழுந்து அடிக்கத் தொடங்கியது. அத்தை கட்டில்மேல் ஏறி நின்று அதைக் கையால் பிடித்து இழுத்தாள். புயலோடு கயிறு இழுக்கிற மாதிரிதான். அது ஆணியோடு பிய்த்துக்கொண்டு போனபோது அவள் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அண்ணாந்து பார்த்தால் வீட்டுக்கு மேலே வானம். அடுப்பில் மழை பெய்தது. எனக்கு வாயைத் திறந்து அழத்தான் தோன்றியது, ஆனால் காற்று வாய்க்குள்ளேயே வந்து அடித்ததால் அதுவும் முடியவில்லை.

அத்தை என்னை இழுத்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தார்ப்பாய்த் துண்டால் என்னைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். எனக்கு எட்டு வயது, ஆனால் எலும்பும் தோலுமாக இருப்பேன். அப்படியே என்னைச் சுமந்துகொண்டு ஃபாக்டரியை நோக்கி நடந்தாள். எஸ்டேட்டிலேயே கான்கிரீட் போட்ட கட்டடம் அது ஒன்றுதான். லயத்துச் சனமெல்லாம் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. சிலர் குனிந்து நடந்தார்கள், சிலர் தேயிலைச் செடியைப் பிடித்துத் தவழ்ந்தார்கள். நடுவழியில் ஒரு சத்தம் கேட்டது. லாரி நிறைய ஜல்லியை ஒரேயடியாகக் கொட்டினால் வருமே, அப்படி. அத்தை திரும்பவில்லை. திரும்பினால் விழுந்துவிடுவாள். ஆனால் என் முகம் பின்பக்கம் பார்த்து இருந்தது. லயத்துக்கு மேலே இருந்த சரிவு மரங்களோடு நழுவி வந்து லயத்தின்மேல் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். எங்கள் கதவு நீல வண்ணம். அந்த நீலம் ஒரு நொடி தெரிந்தது, பிறகு மண்தான் இருந்தது. நான் அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் நடப்பதை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

ஃபாக்டரி மாடியில், கொழுந்தை வாட்டுவதற்காகப் போட்டிருந்த நீண்ட வலைத் தட்டுகளின் மேல் எல்லோரும் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தோம். கரண்ட் இல்லை. போனில் சிக்னல் இல்லை. யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று ஆளாளுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எங்கள் லயத்தில் எல்லோரும் தப்பியிருந்தார்கள். ஆனால் மேல்பக்கத்தில் இருந்த இன்னொரு லயத்தில் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியாக மலையேறி வந்து மாட்டிக்கொண்ட பஸ்ஸின் கண்டக்டரும் அங்கே இருந்தார். அத்தை அவரிடம் போய் லாரியைப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"அடிவாரத்துல கல்லாத்துலேர்ந்து நம்ம பஸ்ஸுக்குப் பின்னாலதான் வந்துட்டிருந்துச்சு, கேட்டியளா" என்றார் அவர். "அப்புறம் ஒரு வளைவுல திரும்பிப் பாத்தேன். காணல்ல."

வளைவில் காணவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பொன்முடி ரோட்டில் வளைவுக்கு ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்றுமே கிடையாது. அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விடியும்வரை லாரிச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காற்று அடங்குகிற ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்குவாள்.

காலையில் காற்று நின்றது. ஆண்கள் எல்லோரும் அரிவாளும் மண்வெட்டியுமாக மேல் லயத்தைப் பார்க்கப் போனார்கள். கண்டக்டரும் அவர்களோடு போய்விட்டார். ஃபாக்டரியில் பெண்களும் பிள்ளைகளும்தான் மிச்சம். அப்போதுதான் கீழேயிருந்து காட்டு வழியாக நடந்தே ஏறி மீட்புப் படைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். தொடை வரைக்கும் சேறு. அவர்களில் மீசை சரியாக முளைக்காத ஓர் இளைஞரிடம் வயர்லெஸ் இருந்தது. காணாமல் போனவர்கள் யாராவது உண்டா என்று மலையாளத்தில் கேட்டார். அத்தை எழுந்து, என் வீட்டுக்காரர், லாரி டிரைவர் என்றாள். அவர் உடனே வயர்லெஸ்ஸில் கீழே பேசினார். கரகரவென்று ஒரு குரல் பதில் சொன்னது. அங்கே டிரைவர்கள் இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள், ஒருவர் தலையில் அடிபட்டுப் பேச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஒருவர் மரித்துப்போனார். இரண்டு பேர் சட்டைப் பையிலும் லைசென்ஸ் இருக்கிறது. பெயரைச் சொன்னால் பார்த்துச் சொல்லலாம்.

"பேரு பறயூ அம்மே" என்றார் அந்த இளைஞர்.

அத்தை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அவள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவள் மலைக்குக் கொண்டுவந்த சீதனத்தில் அதுவும் ஒன்று. பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். எனக்கே அதைச் சொல்லித் தந்திருக்கிறாள், நான் பிற்காலத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவாள். பேங்கில் கேட்டால் "இதுல போட்டிருக்குல்லா" என்று பாஸ்புக்கைக் காட்டுவாள். அவள் போனில் அவர் நம்பரை 'மாமா' என்று போட்டுக் கொடுத்தது நான்தான். இப்போது அட்டையும் பாஸ்புக்கும் நீலக் கதவுக்குப் பின்னால் மண்ணுக்குள் இருந்தன.

"எல்லாரும் டிரைவரண்ணன்னுதான் சொல்லுவாங்க" என்றாள் அத்தை.

"ஒரிஜினல் பேரு?"

அத்தை சுற்றிலும் பார்த்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ வருஷம் அவர் லாரியில் ஏறிப் போனவர்கள், அவர் வாங்கி வந்த மருந்தைக் குடித்தவர்கள், ஒருத்திக்கும் அவர் பெயர் தெரியவில்லை. அத்தை கடைசியில் என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"ஏட்டி, உங்கம்மா பொறந்த வீட்டுச் சாமி பேரு என்ன? அந்தப் பேருதான். சொல்லு."

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் தலைப்பிள்ளைக்குக் குலசாமி பெயரை வைப்பார்கள். ஆனால் எனக்கு அப்பா வழிக் குலசாமியைத்தான் தெரியும். வருஷா வருஷம் போவது அங்கேதான். அம்மா கல்யாணமானதோடு தன் சாமியை விட்டு வந்துவிட்டாள், அந்தச் சாமியை எனக்கு யாரும் காட்டியதில்லை. அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். "தெரியாது" என்றேன்.

"சொடலையா?" என்றாள் ஒருத்தி. அத்தை தலையாட்டினாள், இல்லை.

"சாஸ்தாவா?"

"சாஸ்தாதான். ஆனா அந்தச் சாஸ்தாவுக்கு வேற பேரு."

ஊருக்கு ஒரு சாஸ்தா, ஆற்றங்கரைக்கு ஒரு சாஸ்தா, ஆளுக்கொரு பெயர். பெண்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். அத்தை ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வயர்லெஸ் இளைஞர் அத்தையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தத் தமிழர்களுக்குப் புயலில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தால் தப்பு சொல்ல முடியாது. மேல் லயத்தில் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள், நான் போக வேண்டும் என்றார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எம் புருசன் பேரக் கேளுங்க சாரே, கூசாம நாலு தடவ சொல்லுவேன்" என்றாள். பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, குரலை இறக்கிச் சொன்னாள். "அவரு இருந்த வரைக்கும் நானும் வாயத் தொறந்ததில்ல. போன பெறவு என்ன? கொறையறதுக்கு ஆயுசா கெடக்கு?"

அத்தை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் கையை அவள் பிடித்திருந்தாள். துணி சுற்றிய அந்தக் கை ஜில்லென்று ஆனது. பிறகு அவள் என் கையை விட்டாள். இளைஞரிடம் போய் வயர்லெஸ்ஸை வாங்கி வாயருகே வைத்து, மாமாவின் பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அத்தை இன்னும் இருக்கிறாள், இதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டிவிடுவார்கள்.

கீழேயிருந்த குரல் கேட்கவில்லை, உரக்கச் சொல்லு என்றது. அத்தை உரக்கச் சொன்னாள். இன்னும் உரக்க என்றது. அத்தை கத்தினாள். வாழ்நாளெல்லாம் அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் தீர்த்துவிடுகிற மாதிரி, ஓர் 'ங்க' கூட இல்லாமல், மொட்டையாக, திரும்பத் திரும்பக் கத்தினாள். ஒவ்வொரு தடவைக்கும் மாமாவின் உயிரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, அத்தையே அதைப் போக்கிக்கொண்டிருக்கிறாள். நான் அவள் சேலையைப் பிடித்துத் தொங்கி, "சொல்லாத அத்தை, சொல்லாத" என்று கதறினேன். அவளுக்கு நான் அங்கே இருப்பதே தெரியவில்லை.

கடைசியில் அந்தக் குரல், சரி, விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றது. இளைஞர் வயர்லெஸ்ஸை வாங்கிக்கொண்டு மேல் லயத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அதற்கு ஒரு பதிலும் வரவில்லை.

அத்தை அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. ஃபாக்டரி கேன்டீனில் இருந்த பெரிய அண்டாவை இழுத்து வந்தாள். மூன்று கல்லைக் கூட்டினாள். மிச்சமிருந்த அரிசியைக் கழுவிப் போட்டுக் கஞ்சி வைத்தாள். மேல் லயத்திலிருந்து ஆட்களைத் தோளிலும் கதவுப் பலகையிலும் தூக்கி வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு வெந்நீர் வைத்தாள், காயத்தைத் துடைத்தாள், யாரோ ஒரு குழந்தையைத் தன் மடியில் போட்டுக் கஞ்சி புகட்டினாள். துணி மூடிக் கொண்டுவந்த சிலரைத் தனி அறையில் கிடத்தினார்கள். அந்தப் பக்கம் போகாதே என்று எங்களை அதட்டினார்கள். அதட்டியிருக்கவே வேண்டாம். அந்த அறை இருந்த திசையில் நான் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

எனக்குக் கட்டன் சாயா கொடுக்கிற வேலை கிடைத்தது. பால் இல்லாத டீ. தேயிலை ஃபாக்டரியில் தேயிலைக்கா பஞ்சம்? சர்க்கரைதான் இல்லை. டம்ளரை நீட்டும்போது பாதி சிந்தும். யாரும் திட்டவில்லை, அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பெரியவர்கள் திட்டாத இடத்தில் என்னவோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

டம்ளர் கழுவும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒரு தடவ பேரு சொன்னா எவ்ளோ ஆயுசு கொறையும்?"

"போட்டி, போயி வேலையப் பாரு" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் காட்டு வழியில் கயிறு கட்டிப் பாதை போட்டுவிட்டார்கள். கீழேயிருந்து ஆட்கள் சுமையோடு வரிசையாக ஏறி வந்தார்கள். முதலில் வந்தது பட்டணத்து மக்கள் அனுப்பிய துணி மூட்டைகள். எங்களைப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். நல்ல கம்பளி இருந்தது, சேலைகள் இருந்தன. குளிரில் நடுங்குகிறவர்களுக்காக யாரோ ஒரு புண்ணியவான் கோட்டும் டையும் கொடுத்து விட்டிருந்தார். இன்னொரு பையில் ஒற்றைச் செருப்பு. அத்தை அதையும் தூக்கிப் போடாமல் ஓரமாக எடுத்து வைத்தாள். கொடுத்தவர்கள் மனசு என்றாள். பெயரைச் சொன்ன பிறகு அவள் பேசியது அது ஒன்றுதான்.

பிறகு அரிசி மூட்டை சுமந்தவர்கள் வந்தார்கள். அந்த வரிசையில் கடைசியாக, தலையில் மூட்டை அழுத்த, முதுகு வளைந்து, முழங்கால் மடங்கி ஒருவர் வந்தார். சட்டையைப் பார்த்தேன். மாமாவின் சட்டை. ஆளும் மாமாதான். ஆனால் பாதி உயரம்தான் இருந்தார். ஆயுசு குறைவது என்றால் இதுதான் போலிருக்கிறது, ஆளே குறைந்துவிட்டார் என்று நினைத்தேன். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் பயம், ஓடிப்போகாமல் இருக்கவும் பயம். அவர் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் பழைய மாமா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மாமா" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

வளைவில் மரம் விழுந்து லாரிக்கு வழி மறித்திருக்கிறது. லாரியைப் பின்னாலேயே இறக்கிக் கல்லாற்றுக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கே ஆறு கடைகளுக்குள் ஏறியிருந்தது. லாரியிலேயே சனங்களை ஏற்றி ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டு சேர்த்துக்கொண்டிருந்தாராம். லயம் மண்ணுக்குள் போனதைக் கேள்விப்பட்டு, நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டு நாளும் அவரும் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறார். அதையெல்லாம் அவர் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கச் சொன்னார். சொல்லும்போது கண் மட்டும் அடுப்பங்கரையில் இருந்தது. அத்தை அங்கே அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். மறுபடியும் கிண்டினாள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாய் நமைத்தது. "டிரைவரண்ணே, சேதி தெரியுமா? உங்க பொண்டாட்டி உங்க பேரச் சொல்லி ஏலம் விட்டாச்சு. மலை பூரா கேட்டுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். புயலுக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. மாமாவும் பெரிதாகச் சிரித்தார்.

"இவளா? நெசமாவா? கல்யாணமான புதுசுல எப்படியெல்லாமோ கெஞ்சிப் பாத்தேன். நீங்க செத்தாத்தான் சொல்லுவேன்னு சொன்னவளாச்சே..."

அவர் அங்கேயே நின்றுவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்த மாதிரி இருந்தது அவர் முகம். சிரிப்பு போய்விட்டது. என்னைக் கீழே இறக்கினார். அத்தையின் கரண்டியும் நின்றிருந்தது.

இரண்டு டிரைவர்களில் செத்தவர் மாமா என்று வைத்துக்கொண்டால்தான் அவளால் பெயரைச் சொல்ல முடியும். பெயரைச் சொன்னால்தான் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க முடியும். என் கையை விட்டுவிட்டு வயர்லெஸ்ஸை வாங்கிய அந்த நேரத்தில் அத்தை அவரைச் சாகக் கொடுத்துவிட்டாள். அந்த நினைப்போடுதான் கஞ்சி காய்ச்சினாள், காயம் துடைத்தாள், ஊராருக்கெல்லாம் துணி அடுக்கினாள். மாமாவுக்கு அது புரிந்துவிட்டது. இன்றைக்கு எனக்கும் புரிகிறது.

மாமா அடுப்பங்கரைக்குப் போய்க் கல்லின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அத்தை ஒரு தட்டில் கஞ்சி ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, எழுந்து போகாமல் அவளும் அங்கேயே உட்கார்ந்தாள். அவர் தட்டைத் தொடவில்லை. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். பெயரைச் சொன்னதற்காக மாமாவுக்கு அத்தைமேல் கோபம் என்று நினைத்தேன். எங்கே அடிதடியாகிவிடுமோ என்று பயந்து, ஓடிப்போய் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டேன்.